ஓடி வந்த கையோடு எடுத்த இரத்தத்தில் வெண்குழியம் கூடிவிட்டது. மகளை விளையாட்டில் இருந்து நிறுத்தவா?

கொக்குவில்_அம்மா · சனி, பின்னேரம் 6.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு 9 வயது. ஆறு வயதில் வலது முழங்கால் வீங்கியது. எங்கேயோ விழுந்திருக்கிறாள் என்று எண்ணெய் பூசியே ஒரு மாதத்தை வீணாக்கினோம். காலமை எழும்பினால் அரை மணித்தியாலம் நொண்டுவாள், பள்ளிக்கூடம் போகிற நேரம் சரியாகிவிடும். பள்ளிக்குக் கள்ளம் அடிக்கிறாள் என்று நானே பேசியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்பவும் வயிறு எரிகிறது. பிறகுதான் ஜே.ஐ.ஏ., அதாவது சிறுவர் மூட்டுவாதம் என்று சொன்னார்கள். வலது முழங்காலும் வலது கணுக்காலும். மூட்டுக்குள் ஒரு தடவை ஸ்டீராய்ட் ஊசி போட்டது, இப்போது கிழமைக்கு ஒரு நாள் மெதோட்ரெக்சேட் என்ற மருந்து. எட்டு மாதமாக வீக்கம் இல்லை.

ஆனால் வலது தொடை மெலிந்து போயிருக்கிறது. தையல் நாடாவால் அளந்தேன். முழங்கால் சில்லுக்கு மேலே 10 சென்ரிமீற்றரில் இடது 34, வலது 32. விளையாட விடச் சொல்லிக் கிளினிக்கில் சொன்னதால் மூன்று கிழமையாக இல்ல விளையாட்டுப் போட்டிப் பயிற்சிக்குப் போகிறாள்.

நேற்று வழக்கமான இரத்தப் பரிசோதனை. பயிற்சி முடிய நேரம் போய்விட்டது. லாப்பைப் பூட்டிவிடுவார்கள் என்று எனக்கு முன்னால் சைக்கிளை மிதித்துப் போய், மாடிப்படியையும் ஓடியே ஏறினாள். மூச்சு வாங்க வாங்கத்தான் ஊசி குத்தினார்கள். இன்று அறிக்கை வந்தது. வெண்குழியம் 14,600 (போன தடவை 8,200). நிணநீர்க்குழியமும் கூட. ஈரலுக்குப் பார்க்கிற எஸ்.ஜி.ஓ.ரி. 61. அழற்சிக்குப் பார்க்கிற ஈ.எஸ்.ஆர். 12, சி.ஆர்.பி. சாதாரணம்.

"ஓட்டம் நோயைக் கிளப்பிவிட்டது" என்று மாமி அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, முழங்காலுக்குக் கீழே ஒரு பஞ்சுத் தலையணையும் வைத்துவிட்டார். அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமைதான். அதுவரை என்ன செய்ய?

சுன்னாகம்_சைக்கிள் · சனி, இரவு 7.25

தங்கச்சி, மாமி சொல்வது சரி. மூட்டில் நோய் உள்ள பிள்ளையை ஏன் ஓட விடுகிறீர்கள்? என் அக்காவுக்கும் இதே வருத்தம். 1984இல் அவவுக்கு 11 வயது. அந்த நாள் வைத்தியர்கள் முதலில் சொன்னதே ஓய்வுதான். மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தா. அஸ்பிரின் குளிசை, காலுக்கு மட்டை கட்டு. ஓடி விளையாட விட்டதே இல்லை.

லாப்_தம்பி · சனி, இரவு 8.10

அக்கா, நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். அறிக்கையைப் பார்க்கும் முன்பே, "மாடிப்படியை ஓடி ஏறினாள்" என்ற இடத்திலேயே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

எங்கள் வெண்குழியங்கள் எல்லாமே எந்த நேரமும் இரத்த ஓட்டத்தில் சுற்றிக்கொண்டிருப்பதில்லை. பெரிய பங்கு குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டும் மண்ணீரல், சுவாசப்பை போன்ற இடங்களில் தரித்தும் நிற்கும். ஓடும்போது இதயம் வேகமாக அடிக்கிறது, அட்ரினலின் சுரக்கிறது. உடனே அவை சுவரை விட்டுக் கழன்று ஓட்டத்தில் சேரும். வீட்டுக்குள் இருந்த சனம் சத்தம் கேட்டுப் படலைக்கு வெளியே வந்து நிற்கிற மாதிரி. தெருவில் தலை கூடத் தெரியும், ஊரின் சனத்தொகை அதேதான்.

முதலில் பாய்ந்து வருவது இயற்கைக் கொல்லிக் கலங்கள். அட்ரினலினைப் பிடிக்கும் பீற்றா-2 ஏற்பிகள் அவற்றில் அதிகம். சில நிமிடங்களிலேயே பல மடங்காகும். அடுத்தது கொல்லும் வகை ரி கலங்கள். இரண்டுமே நிணநீர்க்குழிய வகைதான். ஓட்டம் நின்று ஒரு மணித்தியாலம் போனால் நிணநீர்க்குழியங்கள் ஆரம்ப அளவை விடவும் கீழே இறங்கி, பிறகு ஒரு நாளுக்குள் பழைய நிலைக்கு வரும். நியூட்ரோஃபில் என்ற மற்ற வெண்குழிய வகை வேறு கதை, அது இரண்டாம் தரமும் ஏறிச் சில மணித்தியாலம் நிற்கும்.

மூட்டில் அழற்சி கிளம்பியிருந்தால் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பெரும்பாலும் சாடை காட்டியிருக்கும். சில பிள்ளைகளுக்கு, அதுவும் ஒன்றிரண்டு மூட்டு மட்டும் என்றால், அவை சாதாரணமாக இருக்கும்போதே மூட்டு வீங்குவதும் உண்டு. ஆகவே காகிதத்தை மட்டும் நம்பாமல் முழங்காலைப் பாருங்கள். வீக்கம், சூடு, காலமை விறைப்பு ஏதாவது இருக்கிறதா?

எஸ்.ஜி.ஓ.ரி. என்றதும் ஈரல் என்று பயந்திருப்பீர்கள், ஈரலைப் பாதிக்கக்கூடிய மெதோட்ரெக்சேட்டை எடுக்கும் பிள்ளை என்பதால். அந்த நொதியம் தசையிலும் இருக்கிறது. பழக்கமில்லாத கடும் பயிற்சிக்குப் பிறகு அது இரத்தத்தில் கூடிச் சில நாள் அப்படியே நிற்கும். எஸ்.ஜி.பி.ரி. என்ற மற்ற ஈரல் நொதியமும் கொஞ்சம் கூடலாம். சந்தேகம் என்றால் சி.கே. என்று தசை நொதியம் ஒன்று பார்ப்பார்கள். மூன்று கிழமைப் பயிற்சி நடந்ததை வைத்தியருக்குச் சொல்லாவிட்டால் அவர் மருந்தைக் குறைக்க யோசிப்பார். அதனால் செவ்வாய்க்கிழமை இதைத்தான் முதலில் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அடுத்த முறை இரத்தம் கொடுக்க முன் இரண்டு மூன்று நாள் கடும் பயிற்சி வேண்டாம். காலமை வெள்ளனப் போய், அரை மணித்தியாலம் கதிரையில் இருந்துவிட்டுக் கொடுக்கட்டும்.

கொக்குவில்_அம்மா · சனி, இரவு 8.31

வீக்கம் இல்லை, சூடும் இல்லை. இன்று காலமையும் நேரே எழும்பி நடந்தாள். தம்பி, நல்லாயிருப்பீர்கள்.

வடலி · சனி, இரவு 9.50

பிசியோவாக வேலை செய்கிறேன். மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்தத் தலையணையை எடுங்கள்.

பாசத்தில் வைத்த தலையணைதான், குறை சொல்லவில்லை. நீர் கோத்த முழங்காலைக் கொஞ்சம் மடித்து வைத்தால் உள்ளே அழுத்தம் குறையும், பிள்ளைக்குச் சுகமாக இருக்கும். அந்தச் சுகத்திலேயே நாள் முழுக்க, இரா முழுக்கக் கிடந்தால் பின்தொடைத் தசையும் மூட்டுறையும் குறுகி, பிறகு கால் நேரே நீளாது. நீங்களே சோதிக்கலாம். பிள்ளையை நிலத்தில் நேரே படுக்க வைத்து முழங்காலின் பின்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். இடது பக்கம் கை நுழைய இடமில்லாமல் வலது பக்கம் மட்டும் இடம் இருந்தால் மடிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள்.

இப்போது தொடை ஏன் மெலிந்தது என்ற கேள்வி. எல்லாரும் "ஓடாததால் மெலிந்தது" என்பார்கள். அது பாதிதான். மூட்டுக்குள் நீர் கோத்ததும் அங்குள்ள நரம்பு முனைகள் முண்ணாணுக்குச் செய்தி அனுப்பும். அது தொடையின் முன் தசைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடும். பிள்ளை முழு மனதோடு இறுக்கினாலும் தசை முழுக்கச் சுருங்காது. 1984இல் வெளியான ஒரு ஆய்வில் நல்ல முழங்கால்களுக்குள் உப்பு நீரை ஏற்றிப் பார்த்தார்கள். 20 முதல் 30 மில்லிலீற்றர் போனதுமே தொடையின் உட்பக்கத் தசை அடங்கத் தொடங்கியது. வெளிப்பக்கத் தசை அடங்க 50, 60 மில்லிலீற்றர் தேவைப்பட்டது. அதனால்தான் இந்தப் பிள்ளைகளுக்குச் சில்லுக்கு மேலே உட்பக்கமாக ஒரு பள்ளம் முதலில் விழும். வீக்கம் வற்றிய பிறகும் தசை தானாகத் திரும்பி வராது, கூப்பிட வேண்டும்.

இதற்கு மேல் அழற்சியே தசையைத் தின்னும். மூட்டுச் சவ்வில் குடியேறிய மக்ரோபேஜ் என்ற பாதுகாப்புக் கலங்கள் ரி.என்.எஃப்., ஐ.எல்-1, ஐ.எல்-6 என்ற செய்திப் பொருள்களைச் சுரக்கின்றன. அவை இரத்தத்தில் ஏறினால் தசைப் புரதம் உடையும், பசி குறையும், வளர்ச்சியும் மந்தமாகும். ஸ்டீராய்டை வாயால் நெடுநாள் எடுத்தால் அதுவும் தசையைக் கரைக்கும்.

இன்னொன்று, பலர் கவனிப்பதில்லை. நோய்க்கால் கட்டையாகிவிடும் என்றுதான் நினைப்பார்கள். சின்னப் பிள்ளைகளில் அது பெரும்பாலும் நீளும். அழற்சியால் முழங்காலைச் சுற்றி இரத்த ஓட்டம் கூடி, எலும்பின் வளர்ச்சித் தட்டு வேகமாக வளர்வதுதான் காரணம். நீண்ட காலை நேராக வைக்க இடமில்லாமல் பிள்ளை அதையே மடித்து நடக்கும், மெலிந்த தசை இன்னும் மெலியும். செவ்வாய்க்கிழமை இரண்டு காலின் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.

கொக்குவில்_அம்மா · ஞாயிறு, காலை 6.15

தலையணையை எடுத்துவிட்டேன், மாமி கதைக்கிறார் இல்லை. வலது பக்கம் கை நுழைகிறது அண்ணை, இரண்டு விரல் அளவு.

ஒரு சந்தேகம். ஐ.எல்-6 கெட்டது என்கிறீர்கள். அதை மறிக்கத்தானே டொசிலிசுமாப் என்ற ஊசி இருக்கிறது? ஆனால் ஓடும்போது தசையே ஐ.எல்-6ஐச் சுரக்கும் என்று இரவு ஓரிடத்தில் வாசித்தேன். அப்படியானால் ஓடுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது போலத்தானே? விடிய விடிய நித்திரை இல்லை.

வடலி · ஞாயிறு, காலை 10.05

நல்ல கேள்வி. இதைக் கேட்காமலே தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

கோயில் மணி பூசைக்கு அடித்தால் அது அழைப்பு. அதே மணி இரா முழுக்க நிற்காமல் அடித்தால் ஊரில் ஏதோ பிழை என்று பொருள். ஐ.எல்-6உம் அப்படித்தான். அழற்சி உள்ள மூட்டில் அது நாள்கணக்கில், ரி.என்.எஃப்.உடனும் ஐ.எல்-1உடனும் சேர்ந்து வருகிறது. தசையில் இருந்து வரும்போது ரி.என்.எஃப்.ஐக் கூட்டிக்கொண்டு வருவதில்லை. மரதன் ஓடினால் இரத்தத்தில் 100 மடங்கு வரை போகும், சின்ன ஓட்டத்துக்குக் கொஞ்சம்தான் கூடும். ஓட்டம் நின்றால் சில மணித்தியாலத்தில் இறங்கிவிடும். பின்னாலேயே ஐ.எல்-10உம் ஐ.எல்-1ஐ மறிக்கும் பொருள் ஒன்றும் ஏறும். இரண்டும் அழற்சியை அடக்குகிறவை.

டென்மார்க்கில் பென்ரே கிளார்லுண்ட் பெடர்சன் என்ற அம்மையாரின் குழு இதைத்தான் வருடக்கணக்கில் ஆராய்ந்தது. 2003இல் வெளியிட்ட ஒரு சோதனையில் நல்ல சுகமான ஆண்களுக்குப் பக்டீரியா நச்சைச் சிறிதளவு ஏற்றினார்கள். சும்மா இருந்தவர்களுக்கு ரி.என்.எஃப். இரண்டு மூன்று மடங்கு ஏறியது. சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்த ஏற்றம் அடங்கிப் போனது. ஓடாமலே ஐ.எல்-6ஐ ஏற்றியவர்களுக்கும் அப்படியே. அவர்கள் வளர்ந்த, நோயில்லாத ஆண்கள். இதை வைத்து "சைக்கிள் ஓடினால் மூட்டுவாதம் மாறும், மெதோட்ரெக்சேட் வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் நெருப்பு-எண்ணெய்ப் பயத்துக்கு மட்டும்தான் இது பதில்.

மூட்டுக்குள் நிலைமை இன்னும் சிக்கல். சண்டையை நிறுத்துகிற ஒழுங்குபடுத்தும் ரி கலங்கள் அந்த மூட்டு நீரில் குறைவு என்றுதான் நினைப்போம். எண்ணிப் பார்த்தால் நிறையவே இருக்கின்றன. சண்டை போடுகிற கலங்கள் அவற்றின் சொல்லைக் கேட்பதில்லை, அதுதான் கரைச்சல். அவற்றை அடக்குவது மருந்தின் வேலை. மருந்து மூட்டை அமைதியாக்கித் தந்த இடத்தில் தசையைக் கட்டுவது எங்கள் வேலை.

ரொறன்ரோ_மச்சாள் · ஞாயிறு, மாலை 4.30

நான் மானிப்பாய்க்காரி, இப்போது இங்கே. என் மகனுக்கு ஏழு மூட்டில் இருந்தது, இப்போது 15 வயது. மஞ்சள் குளிசையைக் கண்டாலே சத்தி எடுப்பான், பிறகு மாம்பழச் சாற்றைக் கண்டாலும் எடுத்தான். மெதோட்ரெக்சேட் குடிக்கிற பிள்ளைகளுக்கு இது சாதாரணமாம். ஊசிக்கு மாற்றினோம்.

ஓட்ட விஷயத்தில் இங்கே ரொறன்ரோவிலேயே ஒரு ஆய்வு நடந்தது, 2007இல் வெளிவந்தது. மூட்டுவாதம் உள்ள 8 முதல் 16 வயது வரையான 80 பிள்ளைகள், 12 கிழமை. பாதிப் பேருக்குக் கடுமையான ஏரோபிக் பயிற்சி, மற்றவர்களுக்குச் சீகொங் என்கிற மெதுவான சீனப் பயிற்சி. இரண்டு பக்கமும் உடல் இயக்கம் முன்னேறியது, ஒன்று மற்றதை வெல்லவில்லை. ஆனால் மெதுவான பக்கத்துப் பிள்ளைகள்தான் விடாமல் செய்தார்கள். எங்கள் வைத்தியர் சொன்னது இதுதான்: "எது நல்லது என்று என்னைக் கேட்க வேண்டாம், எதை மார்கழியிலும் செய்வான் என்று அவனைக் கேளுங்கள்." அவன் நீச்சலைச் சொன்னான்.

பி.ரி._மிஸ் · ஞாயிறு, இரவு 8.00

நான் பாடசாலையில் உடற்கல்வி எடுப்பவள். வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் இப்படி ஒரு பிள்ளையை மூன்று வருடம் வேப்பமர நிழலில் இருத்திப் புள்ளி எழுத வைத்தார்கள். நானும் அங்கே இருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. கடைசி வருடம் அந்தப் பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளோடு கிளித்தட்டு மறிக்கவே தெரியாது. நோயை விட அது பெரிய நட்டமாகப் பட்டது.

வடலி அண்ணை, ஆசிரியருக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லுங்கள். எதை விடலாம், எதை மறிக்கலாம்?

வடலி · ஞாயிறு, இரவு 9.40

மிஸ், மூட்டு அமைதியாக இருக்கும்போது மறிக்க வேண்டியது மிகக் குறைவு. உடற்பயிற்சி பற்றி 2008இல் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கிற கொக்ரேன் தொகுப்பிலும் பயிற்சியால் நோய் கூடியதாகக் காணவில்லை. சுவீடனில் கயிறடித்தலையும் எடைப் பயிற்சியையும் 12 கிழமை செய்வித்துப் பார்த்தார்கள். தசைப் பலம் கூடியது, நோவு கூடவில்லை. கயிறடித்தல்! நாங்கள் மூட்டுவாதப் பிள்ளைக்கு முதலில் மறிக்கிற விளையாட்டே அதுதான்.

மூட்டு வீங்கியிருக்கும் நாளில் குதிப்பும் பாய்ச்சலும் வேண்டாம், ஆனால் அன்றும் கட்டிலில் கிடத்தக் கூடாது. மூட்டை மெல்ல மடக்கி நீட்டட்டும், தசையை அசையாமல் இறுக்கிப் பழகட்டும். பயிற்சிக்குப் பிறகு தசை உளைந்தால் பரவாயில்லை. அடுத்த நாள் காலமை மூட்டு விறைத்தால் அளவைக் குறைக்கச் சொல்லும் சாடை அது. அளவு சரியா என்று பார்க்க நல்ல நேரம் அந்த அடுத்த நாள் காலமைதான்.

அம்மாவுக்கு: துவாய் ஒன்றைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வையுங்கள் (தலையணை இல்லை, துவாய், அதுவும் பயிற்சி நேரம் மட்டும்). "துவாயை நசி" என்று சொல்லுங்கள். சில்லு மேலே ஏறுகிறதா என்று உங்கள் விரலால் தொட்டுப் பாருங்கள். ஐந்து எண்ணும் வரை நசித்து விடட்டும். அது வசப்பட்ட பிறகு சொக்ஸுக்குள் கால் கிலோ அரிசி போட்டுக் கணுக்காலில் கட்டி, காலை நேரே தூக்கட்டும். மடிப்புக்கு, குப்புறப் படுத்துக்கொண்டு பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி புத்தகம் வாசிக்கட்டும், ஒரு கதை முடியும் வரை. சைக்கிள் நல்லது, ஆசனத்தை உயர்த்துங்கள், பதிந்த ஆசனத்தில் முழங்கால் அதிகம் மடியும். கடல் என்றால் காரைநகர் கசூரினா, இடுப்பளவு தண்ணீரில் நடந்தாலே போதும். கீரிமலைக் கேணிப் படி வழுக்கும், அங்கே கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மழை முடிந்து நுளம்புக் காலம் வருகிறது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் இருக்கிற மூட்டு நோவு மருந்தை, இபுபுரோஃபென் மாதிரியானதை, எடுத்துக் கொடுக்க வேண்டாம். டெங்கு என்றால் அது இரத்தப்போக்கைக் கூட்டும். காய்ச்சலோடு மெதோட்ரெக்சேட் நாள் வந்தாலும் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். அப்புறம் கண். இந்த நோயில் கண்ணுக்குள் அழற்சி வரலாம், சிவக்காது, நோகாது, பிள்ளைக்கும் தெரியாது. கண் கிளினிக் திகதியைத் தவற விடாதீர்கள்.

சுன்னாகம்_சைக்கிள் · ஞாயிறு, இரவு 10.55

ஒன்றை முதலில் எழுதாமல் விட்டேன். அக்காவுக்கு மூட்டு நோ எப்பவோ விட்டுவிட்டது, 90களிலேயே வீக்கமெல்லாம் வற்றிவிட்டது. ஆனால் இரண்டு முழங்காலும் மடிந்தபடி நின்றுவிட்டன. இடம்பெயர்ந்து போனபோது அவவை என் சைக்கிள் கரியரில் இருத்தித்தான் தென்மராட்சிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். நோயால் வந்த மடிப்பு என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்தேன். அவவின் முழங்காலுக்குக் கீழேயும் தலையணை இருந்தது. அம்மா வைத்தது.

கொக்குவில்_அம்மா · பத்துக் கிழமைக்குப் பிறகு, வெள்ளி, இரவு 7.10

திரும்ப வந்து எழுதவில்லை என்று நினைக்க வேண்டாம். செவ்வாய்க் கிளினிக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்தை மாற்றவில்லை. இரத்தத்தைத் திரும்ப எடுக்கச் சொன்னார்கள். காலமை ஏழு மணிக்குப் போய், கதிரையில் இருத்தி, எடுத்தோம். வெண்குழியம் 7,900, எஸ்.ஜி.ஓ.ரி. 29.

வலது கால் ஒரு சென்ரிமீற்றர் நீளமாம்! இடது செருப்புக்கு அடி உயர்த்த வேண்டும் என்றதும் தைக்கிறவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நோயுள்ள கால் வலது எண்டு சொன்னீங்கள், உயர்த்தச் சொல்லுறது இடதை" என்று மூன்று தரம் கேட்டார்.

நாடா: இடது 34.5, வலது 33. பின்பக்கம் இப்போது ஒரு விரல்தான் நுழைகிறது. அஞ்சல் ஓட்டத்தில் கடைசிக்கு முதல் வந்தார்கள், அதற்கே வீட்டில் பாயசம். மாமிதான் இப்போது அரிசிச் சொக்ஸைக் கட்டி விடுகிறார். ஆனால் எண்ணுகிறபோது ஐந்துக்குப் பதில் மூன்றோடு "காணும் காணும்" என்று விட்டுவிடுகிறார்.

சுன்னாகம்_சைக்கிள் · வெள்ளி, இரவு 8.20

சந்தோஷம் தங்கச்சி. வடலி, கேட்க வெட்கமாக இருக்கிறது. அந்தத் துவாய்ப் பயிற்சியை அக்கா 52 வயதில் செய்தால் ஏதும் பலன் உண்டா?

வடலி · வெள்ளி, இரவு 9.02

நாற்பது வருட மடிப்பு பயிற்சியால் நிமிராது, அதைப் பார்க்க எலும்பு வைத்தியர் வேண்டும். ஆனால் தசைக்கு வயதில்லை. கட்டிலில் இருந்து தானாக எழும்புகிற அளவுக்காவது வரும். முதலில் ஒரு தடவை நேரில் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை துவாயை நசிப்பதில் பிழை இல்லை. முதல் நாள் சில்லு அசையாது. அசையாவிட்டாலும் ஐந்து எண்ணுங்கள்.

சுன்னாகம்_சைக்கிள் · வெள்ளி, இரவு 9.40

துவாய் வைத்தாச்சு. நாலிலேயே நிற்பாட்டிப் போட்டா.